பின் சீட்டில் ஆள் ஏறினால்

என் மகன் அந்தப் பழைய ஜப்பான் காரைத் நாங்கள் வேலை செய்த தோட்டத்துக்குள் ஓட்டி வந்தபோது அதன் சக்கரங்கள் ஒல்லியாகத்தான் இருந்தன. எனக்கு அதுவே போதும். என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் வியாதி. வலது பாதத்தில் ஆறாத புண். வாரம் ஒரு தடவை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நடை, கோலா சிலாங்கூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து கிள்ளானுக்கு இன்னொரு பஸ். கார் அந்தக் காலுக்காகத்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். மகன் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அகலச் சக்கரம் ஒரு பித்து. இவனும் தஞ்சோங் காராங்கில் ஒரு டயர் கடையில் பழைய ரிம்களைக் கொடுத்துவிட்டு, மேலே பணமும் போட்டு, ஸ்போர்ட் ரிம்மும் அகல டயரும் மாட்டிக்கொண்டு வந்தான். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அடுத்த வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாடி, ஓம் மவன் காடி காலை அகட்டிக்கிட்டு நிக்குது? கட்டி கிட்டி வந்துருச்சா?"

மகனுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் கட்டு மாற்றப் போக நானும் அவரும் பின்னால் ஏறினோம். லயத்தைத் தாண்டினால் கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம். கார் அதில் ஏறி இறங்கியதும் சர்ர்ர் என்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் வாடை. மகன் இறங்கிப் பார்த்தான். மட்கார்டின் உள்விளிம்பில் தகடு மடிந்து உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆள் கனத்தில் கார் தணிந்ததும் அந்தத் தகடு டயரைச் சீவியிருந்தது. கிள்ளான் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அதே சத்தம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டியே வயதானவர். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் மகனின் கூட்டாளி வந்திருந்தான். இரண்டு பேரும் வாசலில் குந்திக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார்கள்.

"தனியா ஓட்டுனா ஒண்ணும் இல்ல மச்சான். பின்னால அப்பா ஏறுனாத்தான் உரசுது."

"அப்ப ஏத்தாத லா!"

சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் பலகைச் சுவர். இவர் உள்ளே முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த முறை போகும் நாளில் மகன் சாவியோடு நின்றான். "அப்பா, காடில போலாம்."

"ஓங்காடிக்கு எதுக்குப்பா செரமம்? பஸ்ஸு என் கனத்தத் தாங்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது துணி நனைந்திருந்தது. அதற்கடுத்த வாரமும் பஸ்தான். வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. நான் இரண்டு தட்டில் சோறு போட்டு இரண்டு இடத்தில் வைத்தேன்.

இப்படி நடந்தால் பாதத்தை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையிடம்கூட ஒன்றை எப்படி ஆரம்பித்துச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. நாலைந்து நாள் தள்ளிப்போட்டு, குழம்பு ஊற்றும்போது சொன்னேன்.

"அப்பா நடக்கக் கூடாதாம். நடந்தா கால எடுத்துருவாங்களாம்."

பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனான்.

மறுநாள் டயர் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். அந்த உள்தகட்டை மேல்நோக்கி மடக்கி ஒட்டவைத்தால் உரசாதாம். டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓர் உருட்டுக் கட்டையைக் கொடுத்து, காரை மெல்ல நகர்த்தினால், கட்டை தகட்டை மடக்கிக்கொண்டே போகுமாம். மட்கார்டு சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயிண்டு வெடிக்கும். கடையில் செய்தால் காரை விட்டுவிட்டு வர வேண்டும். கட்டு மாற்றும் நாளோ அதற்கு அடுத்த நாள்.

"அம்மா, உலக்கை எங்க?"

மஞ்சள் இடிக்கிற உலக்கை அது. எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பழைய கைலித் துணியைச் சுற்றிக் கொடுத்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து, வேறு துணியை முக்கிப் பிழிந்து மட்கார்டின்மேல் போட்டேன். தள்ளுவதற்கு அடுத்த வீட்டு அக்காவும் வந்தார். மகன் உலக்கையைச் செருகிப் பார்த்தான். இறுகாமல் ஆடியது.

"காடி தணியணும். உர மூட்டை கொண்டாறேன்."

"மூட்டை வேணாம்," என்றேன். "அப்பாவக் கூப்புடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். மெல்லப் போய் வாசற்படிக்குக் கீழே நின்றான்.

"அப்பா, பின்னால வந்து உக்காருங்க."

"எதுக்கு?"

"கனம் வேணும்."

இவர் எட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு என் கனந்தான் ஒத்து வரல. இன்னிக்கு வேணுமா?" என்றார்.

"வேணும்ப்பா." அவன் தலை நிமிரவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. "அண்ணே, மூட்டைக்குக் கூலி பேசிட்டு ஏறுங்க!"

இவர் மூக்கால் சிரித்தார். மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

நானும் அக்காவும் தள்ளினோம். மகன் உலக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்து வந்தான். தகடு முனகியது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். துணி ஆறினால் மறுபடி வெந்நீர். இரண்டு பக்கமும் முடிந்ததும் மட்கார்டின் உள்ளே சுண்ணாம்பு பூசி, அப்பாவை ஏற்றிக்கொண்டே பாலத்துக்குப் போய்த் திரும்பினான். இடது டயரில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. உரசியிருக்கிறது. மறுபடி உலக்கை, மறுபடி பாலம். இந்த முறை சுண்ணாம்பு பூசினபடியே இருந்தது. நக அளவுக்குப் பெயிண்டு உதிர்ந்துதான் போனது. மகன் அதைத் தடவிப் பார்த்தான். வேலை முடிந்தும் இவர் காரை விட்டு இறங்கவில்லை. சாயாவை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

பின்னாளில் இவருடைய இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. கடைசிவரை தன் காலிலேயே நடந்தார்.

உலக்கை வேலை முடிந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாலம் வந்தபோது நான் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். கார் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெராம் ஊரைத் தாண்டியதும் என் தோளில் ஏதோ கனத்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்தவர் வண்டி ஓட்டும்போது கண் மூடாத மனிதர். பஸ்ஸில்கூட டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்.

மகன் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தான். காப்பார்வரை எங்களுக்குப் பின்னால் வந்த லோரிகளெல்லாம் ஹார்ன் அடித்து முந்திக்கொண்டு போயின. அவன் ஓரமாகவே ஓட்டினான்.