இரண்டு வாசலுக்கும் ஆகாத வேட்டைநாய்

ஜமீன்கள் ஒழிந்த சமயம் நான் சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஜமீன் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பக்கத்து ஊர் அரண்மனையின் வேட்டைநாய்களை நினைத்துத்தான் வயிறெரிந்தது. அத்தனையும் சிப்பிப்பாறை நாய்கள். முயலைக் கண்டால் கரிசல் காட்டில் கால் பாவாமல் பறக்கும். வேட்டை நின்றதும் அவை தண்டச்சோறு ஆகிவிட்டன.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேட்டைநாயை விலைக்கு விற்பது கேவலம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி, வெற்றிலை பாக்கு மாற்றி, நெற்றியில் பொட்டு வைத்து அனுப்புவார்கள். அதற்குப் பிறகு கொடுத்த வீடு திரும்பச் சேர்க்காது. வாங்கிய வீடு வேண்டாம் என்று சொல்லாது. அடேயப்பா, என்ன மானம்! பெற்ற பெண்ணே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாலும் வாசலோடு திருப்பி அனுப்புகிற ஆட்கள்தானே, நாய்க்கு மட்டும் இரங்கவா போகிறார்கள்?

இளம் நாய்களுக்குப் போட்டி இருந்தது. பின்னங்கால் மடங்காத கிழட்டுப் பெட்டையை, 'அரண்மனை நாய்' என்கிற பவிசுக்காகத் திருவேங்கடத்துப் பருத்தி வியாபாரி ஒருவர் வாங்கிப் போனார். கடை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார். அதுவரை கழுத்தில் சங்கிலியே ஏறாத நாய் அது. பத்தே நாளில் கழற்றிக்கொண்டு, அத்தனை தூரமும் நொண்டியபடி அரண்மனைக்கே ஓடி வந்துவிட்டது. காரியஸ்தர் கேட்டை இழுத்துச் சாத்தினார். ஆள் விட்டுக் கல்லாலும் அடித்தார்.

அரண்மனைப் பசுவுக்கு மருந்து கொடுக்கப் போனபோது, கேட்டுக்கு வெளியே அது கிடந்ததைப் பார்த்தேன். அடிபட்ட கால் வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"அண்ணாச்சி, உள்ள விட்டுக் கஞ்சி ஊத்துங்க. இங்கன கெடந்தா செத்துப்போகும்" என்றேன்.

"குடுத்த நாயைச் சேத்துக்கிட்டா ஊரு சிரிக்கும் வே. அரண்மனைக்குன்னு ஒரு மருவாதி இருக்குல்லா" என்றார் காரியஸ்தர்.

கூரை முழுக்க ஒழுகுகிற அரண்மனை. மரியாதை மட்டும் ஒழுகவில்லையாம்!

அந்த ஊரில் ஆடு மேய்க்கிற கோனார் ஒருவர் நாயை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். "பாவம், ஆட்டுக்கிடையில எங்களோட கெடந்துட்டுப் போகுது. ஆனா உடையவுக ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா நாயைத் திருடிட்டான்னு எம்மேல பழி வந்துரும்" என்றார். அவர் பயம் நியாயமானது. ஏழை வீட்டில் அரண்மனை நாயைக் கண்டால் ஊர் வேறென்ன சொல்லும்?

அந்த ஒரு வார்த்தைக்காகத் திருவேங்கடத்துக்குச் சைக்கிள் மிதித்தேன்.

"வேண்டாம்னு நான் எப்படிவே சொல்லுவேன்? அரண்மனை குடுத்ததுல்லா! அது எங்க வீட்டு நாய்தான்" என்றார் வியாபாரி.

"அப்பம் வந்து கூட்டிட்டுப் போங்க."

"ஓடிப்போன நாய் பின்னாடி நான் அலையவா? அவுக கொண்டாந்து விடட்டும்."

நாலு நாள் இப்படியே அங்கும் இங்குமாக நாயாய் அலைந்தேன். இரண்டு தடியன்களையும் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. போகும்போதும் வரும்போதும் காலுக்கு மருந்து போட்டு, சிரட்டையில் கஞ்சி வைப்பேன். இரண்டு வாய் நக்கிவிட்டு, மறுபடியும் கேட்டைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் காலையில் போனபோது விறைத்துக் கிடந்தது.

அப்போது பார்க்க வேண்டுமே கூத்தை! கேட் அகலத் திறந்தது. காரியஸ்தர் அரண்மனைத் தோட்டத்திலேயே குழி தோண்டச் சொன்னார். சேதி கேட்டு வியாபாரி மாலையோடு வண்டி கட்டி வந்து இறங்கினார். "எங்க வீட்டு நாய், எங்க காட்டுலதான் புதைக்கணும்" என்று அவர் நிற்க, "பொறந்த மண்ணு இதுதாம்வே" என்று இவர் நிற்க, வாய்ச்சண்டை முற்றியது. உயிரோடு கிடந்தபோது ஒரு வாய்க் கஞ்சி ஊற்றாத வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோனாரும் வந்திருந்தார். என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"ஐயா, நீங்க கவர்மெண்டு ஆளு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு நாயைத் தூக்கிட்டுப் போயிருந்தா, எவன் உங்களைத் தடுத்திருப்பான்?"

ஒருத்தனும் தடுத்திருக்க மாட்டான். நாலு நாளில் அது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.