பெருமாளுக்குப் போன பீச் பூ

பீச் குளிர் ஊர் மரம். குளிரில் அது தூங்க வேண்டும். நன்றாகத் தூங்கினால்தான் பூக்கும். எங்கள் ஊர் மார்கழி அதற்குப் பத்தாது. தூங்கவும் தூங்காது, முழிக்கவும் முழிக்காது. இலையோடு அப்படியே நிற்கும்.

இதைச் சொன்னவர் நர்சரி முதலாளி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கம் அவர் நர்சரி. ஒரு செம்பருத்தியின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவிப் புது நிறம் எடுப்பார். நான் அங்கே செடி வேலை. படிப்பு ஆறாவதோடு நின்றது. இதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பச்சைமலையில் என் அண்ணன் காட்டில் ஒரு பீச் மரம் இருக்கிறது. பழம் தேன். ஆனால் நல்ல குளிர் விழுந்த வருஷம்தான் பூக்கும். அந்த மாதிரி வருஷம் இப்போது குறைவு. அந்த ருசியும் வேண்டும், குளிரும் கேட்கக் கூடாது. அப்படி ஒரு மரம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். செடிக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அதே நினைப்பு. வாளி நிரம்பி வழிவதுகூடத் தெரியாது.

முதலாளி ஒருமுறை ஒரு கை பீச் கொட்டை கொடுத்தார். குளிர் குறைந்த ஊரில் காய்த்தது என்றார். ஈர மணலில் புதைத்து இரண்டு மாதம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். என்னிடம் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன்.

“மண்ணையா ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்றே? பால் வைக்கற எடம்டி.”

“மண்ணு இல்ல மாமி. காவேரி மணல்.”

மாமி கொஞ்சம் யோசித்தார். “காவேரின்னா சரி. கீழ்த்தட்டுல வை.”

ஆறு கொட்டை முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஐந்து வெயிலில் போனது. ஒன்று நின்றது. நான்காம் வருஷம் அதன் அடிமரத்தில் பிசின் வடிய ஆரம்பித்தது. அடுத்த மழைக்கு இது இருக்காது என்று தெரிந்துவிட்டது. கார்த்திகையில் இலை எல்லாவற்றையும் கையால் உருவினேன். அப்படிச் செய்தால் மரம் குளிர் வந்துவிட்டது என்று நம்பும் என்பார்கள்.

நம்பியது. மார்கழி பாதியில் மொட்டு வைத்தது. பதினொன்று.

விடியலில் கோயில் பாட்டு கேட்கும். கொள்ளிடத்துப் பனி சுவர் ஏறி வரும். பனிக்குள் மரம் தெரியாது. ரோஸ் நிறப் புள்ளிகள் மட்டும் தனியாக மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்பது மறந்துபோகும்.

அண்ணன் மரமும் அந்த வருஷம் கொஞ்சம் மொட்டு விட்டிருந்தது. அந்தப் பூவை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். அதன் மகரந்தத்தை என் மரத்தில் தடவ வேண்டும். அடையாளத்துக்கு மொட்டு உள்ள கிளைகளில் மஞ்சள் நூல் கட்டி வைத்தேன்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் நூல் இருந்தது. பூ இல்லை.

பூப் பறிப்பது மாமிதான். நந்தியாவட்டையும் அரளியும் என் வீட்டில்தான் பறிப்பார். பறித்துக்கொள்ளச் சொன்னது நான்தான். ஓடினேன்.

“மாமி, அந்த ரோஸ் பூ?”

“எங்காத்துப் பெருமாளுக்குச் சாத்திட்டேனே. ஏண்டி?”

“அதை ஏன் மாமி பறிச்சீங்க?”

“மஞ்சள் நூல் கட்டி வச்சிருந்தியேடி. பெருமாளுக்கு வேண்டிண்டிருக்கேன்னு நெனச்சேன். நீ மறந்துடப் போறியேன்னு நானே பறிச்சேன்.”

வாசல் படியில் உட்கார்ந்தேன். பூ போனால் காய் இல்லை. அடுத்த வருஷம் மரமே இல்லை.

அப்புறம்தான் தோன்றியது. காய் போனது. மகரந்தம் பூவில்தானே இருக்கிறது. இந்த மரம் தாயாக வேண்டாம். தகப்பனாக இருக்கட்டும்.

“மாமி, பூவைத் திருப்பித் தருவீங்களா?”

“சாத்தினதை இப்போ எடுக்கப்படாது. சித்த இரு. தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டிட்டுத் தரேன்.”

இருந்தேன். வெயில் ஏறியது. உள்ளே பருப்பு வேகும் வாசனை. மகரந்தப் பை வெடித்துக் கொட்டிவிடுமோ என்று பயம். கடைசியில் மணி அடித்தது. வெள்ளித் தட்டில் துளசியோடு வந்தது. பதினொன்றும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மகரந்தப் பைகளை நகத்தால் கிள்ள ஆரம்பித்தேன்.

“ஐயோ, பிரசாதத்தைப் பிய்க்கறாளே!”

“தூள் எடுக்கிறேன் மாமி. கல்யாணம் பண்ணி வைக்கணும்.”

“யாருக்குடி?”

“மரத்துக்கு.”

மாமி உள்ளே போய்ச் சுத்தமான காகிதம் கொண்டுவந்து விரித்தார்.

ஒரு நாள் நிழலில் காய்ந்தது. மஞ்சள் தூள், ஒரு சிட்டிகைகூட இல்லை. தீப்பெட்டியில் போட்டேன். அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். துறையூரில் மாறி மலை பஸ். பெட்டியை மடியில் வைத்துத் தூங்கிவிட்டேன். மலை முழுக்க ரோஸ் நிறம். மரவள்ளித் தோட்டத்திலும் ரோடு ஓரத்திலும் பூ. அதற்குள்தான் பஸ் போனது. கண் விழித்தபோதும் கொஞ்ச தூரம் அப்படியே போனது.

அண்ணன் தீப்பெட்டியைப் பார்த்தார். “மாப்பிள்ளைய இதுக்குள்ளயா அடைச்சுக் கொண்டாந்த?”

“ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை. கிண்டல் பண்ணாம ஏணியப் புடிண்ணே.”

விரியாத மொட்டாகப் பார்த்து, அதன் சொந்த மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்தேன். விரல் நுனியால் தூளைத் தொட்டு வைத்தேன். தேனீ வராமல் துணிப்பை கட்டினேன். ஒன்பது மொட்டு. நான்கு காய்த்தது.

சித்திரையில் என் வீட்டு மரம் காய்ந்தது. வெட்டி அடுப்புக்குப் போட்டேன்.

அந்த நான்கு கொட்டையில் மூன்று முளைத்தது. மலையிலேயே நட்டோம். சில வருஷம் போனது. இந்த வருஷம் குளிர் வரவே இல்லை. மார்கழியிலும் போர்வை வேண்டியிருக்கவில்லை. ஒரு காலையில் அண்ணன் போன் பண்ணினார். கிண்டல் இல்லை. “பாப்பா, வந்து பாரு” என்றார். அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தால், தாய் மரம் இலையோடு நின்றது. கன்றில் இரண்டும் அதே மாதிரி. மூன்றாவதில் இலை ஒன்றுகூட இல்லை. அடியிலிருந்து நுனி வரை பூ. அதன் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

பழம் எப்படி இருக்கும் என்று தெரியாது. கசந்தாலும் கசக்கும். அண்ணன் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. தேனீ வந்துகொண்டே இருந்தது. மத்தியான பஸ் வந்து திரும்பிப் போன சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.