நடுவில் ஒரு ஓடை, அந்தப் பக்கம் அக்கா

போன வாரம் பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கிறேன். தெரிந்த அண்ணை ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"லீவுக்கு இங்கிலாந்து போனனீங்களாம். என்ன பாத்தனீங்கள்?"

"மழை பாத்தனான்."

"வேறை?"

"வெள்ளம்."

பாவம், அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இதைவிட நல்ல விடுமுறை எனக்கு வாய்த்ததே இல்லை... சொல்லட்டுமா?

முதலில் தவமலர். லாச்சப்பலில் பிளவுஸ் தைக்கிறவர், லா கூர்னெவ்வில் எனக்குப் பக்கத்து வீடு. அவருடைய ஒரே அக்கா குணமலர் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஊரைவிட்டு ஒரே மாதத்தில் வெளிக்கிட்டு, ஆளுக்கொரு கரையில் ஒதுங்கியவர்கள். அதன்பிறகு இருவருக்குமே வதிவிடக் காகிதங்கள் இழுபட்டன. பதினாறு வருடமாக போனில் மட்டும்தான் முகம் பார்த்தார்கள்.

இந்த வருடம் தவத்துக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது. அன்றைக்கே என் கதவைத் தட்டினார்.

"அக்கா இன்னும் அங்கையிருந்து வெளிக்கிட ஏலாது. நான்தான் போகவேணும். உங்களிட்டைக் கார் இருக்கு, இங்கிலிசும் தெரியும். வாறீங்களோ?"

இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது?

அக்கா இருப்பது இன்னொருவரோடு பங்கு போட்ட ஒற்றை அறை. ஆகவே பக்கத்துக் கிராமமொன்றில் நான்கு நாளுக்கு ஒரு குட்டி வீடு எடுத்தோம். இன்டர்நெட் படத்தில் பச்சை மலை, வெள்ளை ஆடுகள், பளீர் வெயில். வருடத்தில் வெயில் அடித்த அந்த ஒரு நாளைப் பார்த்துப் படம் எடுத்திருக்க வேண்டும்!

நாங்கள் போய் இறங்கும்போதே மழை. விடிய விடியப் பெய்தது. காலையில் அக்கா டாக்ஸியில் வருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு போன் அடித்தது.

"தவம், நான் வந்திட்டன்... ஆனால் வர ஏலாமல் நிக்கிறன்."

வீட்டுக்கு வரும் ஒரே பாதைக்குக் குறுக்கே ஒரு சின்ன ஓடை ஓடுகிறது. முதல் நாள் எங்கள் கார்ச் சில்லைத்தான் நனைத்தது. இப்போது இடுப்பளவு கலங்கல் தண்ணீர். டாக்ஸிக்காரர் மாட்டேன் என்று அக்காவை அந்தக் கரையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஓடினோம்.

அக்கரையில் நீல மழைக்கோட்டோடு ஒரு குட்டி உருவம். இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டியை அணைத்தபடி. கழுத்தில் இடுக்கிய குடை... அவருக்கல்ல, சட்டிக்கு!

இருவரும் பார்த்தபடி நின்றார்கள். பதினாறு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்னவாக இருக்கும்?

"அடியே, தலையை மூடு! தடிமன் வரப்போகுது!"

"அக்கா, நீ நல்லா மெலிஞ்சு போனாய்!"

தண்ணீர் இரைச்சலில் அக்காவுக்கு வேறு எதுவோ கேட்டது.

"பின்னை நனையாமல்? மழையெல்லோ பெய்யுது!"

தவம் சிரித்தார். அக்கா சிரித்தார். சிரிப்பில் சட்டி ஆடியது. அப்படியே அழுகை. அதுவும் இரண்டு கரையிலும் சத்தமாக!

அந்த நேரம் எங்கள் பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. சிவந்த முகத்தோடு ஒரு முதிய விவசாயி, பக்கத்தில் நாய். என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"சகோதரிகள். பதினாறு வருடமாகச் சந்திக்கவில்லை" என்றேன்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்படியானால் அவர் ஏன் அங்கே நிற்கிறார்?"

நாயை இறக்கி என்னிடம் விட்டுவிட்டு டிராக்டரை நேரே தண்ணீருக்குள் விட்டார். அக்காவை ஏற்றினார். திரும்பி வரும்போது உயரத்தில், சட்டியோடு, ஊர்வலம் போகும் மகாராணிபோல அக்கா! தவம் பொறுக்கமாட்டாமல் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

"ஏறு வெளியிலை! இந்த வயசிலும் சொல்வழி கேக்கமாட்டியோ?"

அக்காவின் வசவு முடிவதற்குள் இருவரும் கட்டிப்பிடித்தாயிற்று. சட்டி? அது விவசாயியின் கையில். மழையில் அசையாமல் நின்றார்.

"எவ்வளவு காலம்?" என்று மெல்லக் கேட்டார்.

"பதினாறு வருடம்."

"அதைச் சொல்லிவிட்டீர்கள். இன்னும் எவ்வளவு நேரம்? இது சுடுகிறது."

சட்டியில் இருந்தது நண்டுக் குழம்பு. அவருக்கும் ஒரு கோப்பையில் பங்கு போனது. மறுநாள் கோப்பையைக் கழுவித் திருப்பித் தந்தார், காலியாக அல்ல, ஆறு முட்டையோடு.

அதன்பிறகு? மழை, மழை, மழை. நான் பார்க்க நினைத்த கோட்டையும் ஏரியும் எந்தத் திசை என்றே தெரியாது. ஓடை இறங்கவில்லை. அக்கா வேலைக்கு போன் எடுத்து, உலகத்திலேயே சந்தோஷமான குரலில் "வெள்ளம், வரமுடியாது" என்று இங்கிலிஷில் அறிவித்தார். இருவரும் ஒரு கம்பளிக்குள் கிடந்து பேசினார்கள். காலையில் திரையை விலக்கி "பெய்யுது!" என்று சின்னப் பிள்ளைகள்போலக் கத்துவார்கள். விடுமுறை என்றால் இடம் பார்க்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? சில பேருக்கு ஆள் பார்த்தாலே போதும்.

நான்காம் நாள் எழும்பினேன். சத்தமே இல்லை. ஜன்னலில் தவம்.

"வெயில்" என்றார், செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோல.

அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "சனியன் பிடிச்ச வெயில்!"

பிறகு மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். ஓடை வடிந்ததும் அக்காவை அவருடைய அறைவாசலில் இறக்கிவிட்டோம். கார் கண்ணாடிக்குள் தலையை நீட்டி, தங்கையின் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப பாஸ்போட் இருக்குத்தானே? அடுத்தமுறை நல்ல மழையாப் பாத்து வா."

இங்கிலாந்தில் அதற்கு நாள் பார்க்கத் தேவையில்லை!