ஒன்பது நாள் பிந்திய சீட்டு

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், இலங்கையிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தேன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று, மலையடிவாரத்தில் போடியில் இருந்த அண்ணன் தந்தி அடித்திருந்தார். கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் நான் டீச்சர். கணவருக்கு அதே தோட்டத்தின் ஃபாக்டரியில் வேலை. மூன்று வயது மகளுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அம்மை இறங்காத பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அவளை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

ரயிலடியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தேதி தப்பிடாத."

அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து ஊருக்குப் போவதுபோலப் போய்வந்து கொண்டிருந்த கடல்தான் அது. அந்த வருடங்களில் இரண்டு சர்க்கார்களும் அதை இறுக்கத் தொடங்கியிருந்தன. திரும்பிவர அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். என் சீட்டில் ஒரு மாதக் கெடு போட்டிருந்தது.

அம்மா தேறினாள். நான் புறப்பட வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கும் குரங்கணிக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. மற்ற நாளில் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக் கடந்துவிடலாம். அந்த வாரம் அது பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. என்னை அழைத்துப்போக மேலே வந்திருந்த அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார். பாதியில் இழுத்துக் கரை சேர்த்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. விடும்போது, வீட்டு முன்னால் நின்றால் கீழே போடி தெரியும். மதுரைக்குப் போகும் ரயிலின் புகைகூடத் தெரியும். பார்த்துக்கொண்டு நிற்க மட்டும்தான் முடிந்தது.

"இந்தா வெறிச்சிரும், ஆத்தா" என்று அண்ணன் தினமும் சொல்வார். பதின்மூன்று நாள் மழை வெறிக்கவில்லை.

கடற்கரைச் சோதனைச் சாவடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"முடிஞ்சு போச்சேம்மா."

ஓடையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையைப் பற்றிச் சொன்னேன்.

"நான் விட்டாலும் அந்தக் கரையில எறங்க விட மாட்டாங்க. அடுத்த கப்பல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

"அப்ப நான் எந்த ஊர்க்காரிங்கய்யா?"

"அதத்தான் ரெண்டு சர்க்காரும் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார். கேலியில்லாமல்தான் சொன்னார்.

போடிக்குத் திரும்பி அண்ணன் வீட்டில் தங்கினேன். ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் பெண்களோடு உட்கார்ந்து காம்பு கிள்ளினேன். புது மனு போட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே வரி வந்தது. பேப்பரில் பேச்சுவார்த்தை என்று செய்தி வரும்போதெல்லாம் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு ஓடி வருவார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கைகுலுக்கும் படம் இருக்கும். கள்ளக் குடியேற்றத்தைச் சேர்ந்து தடுக்கப் போகிறார்கள், கடலில் ரோந்து கூடும் என்றிருக்கும். என்னைப்போல் நடுவில் மாட்டியவர்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

ஒரு நாள் கிட்டங்கிக்கு வந்த லோடுக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தோணியில கொண்டுபோய் விடுற ஆளுக இருக்காக, தங்கச்சி. சொல்லட்டுமா?"

ஒரு வாரம் யோசித்தேன். கணவருக்கு எழுதிக் கேட்டேன். 'வேண்டாம். பிடிபட்டால் நீ ஜெயிலுக்குப் போவாய், எனக்கு வேலை போகும், பிள்ளை தெருவில் நிற்கும்' என்று எழுதினார். கடிதத்தின் ஓரத்தில் மகளின் உள்ளங்கையை வைத்து வரைந்திருந்தார். அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். வளர்ந்திருந்தாள்.

பதினான்கு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடும் பிள்ளையோடும் அவர் போடி ஸ்டேஷனில் வந்து இறங்கினார். வேலையை விட்டுவிட்டார். இனி அங்கே திரும்ப முடியாது என்று தெரிந்தேதான் வந்திருந்தார்.

மகள் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மா டீச்சர்" என்று அவர் தினமும் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். அவளுக்கு அதில் டீச்சர் மட்டும் நின்றுவிட்டது. "டீச்சர், தண்ணி வேணும்" என்பாள். எடுத்துக் கொடுப்பேன்.

மூன்று மாதம் கழித்து, நீள உறையில் என் அனுமதி வந்தது. எனக்கு மட்டும். ஒரு மாதக் கெடு. அவர் அப்போது போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் சேர்ந்திருந்தார். சாயங்காலம் வந்ததும் கொடுத்தேன். எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"போய் நம்ம சாமானையாவது எடுத்துட்டு வாறியா?" என்று கேட்டார். தையல் மிஷின், என் புத்தகங்கள், பிள்ளையின் தொட்டில் எல்லாம் பக்கத்து வீட்டில் இருந்தன.

"மாட்டேன். திரும்பவும் எவனாவது கதவச் சாத்திட்டா?"

தையல் மிஷினைப் பக்கத்து வீட்டுக்காரியே வைத்துக்கொள்ளட்டும் என்று அன்று இரவே எழுதிப் போட்டோம்.