போகாத பிள்ளைக்குப் போட்ட பொன்னாடை

ஊரில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. அப்படிப்பட்டவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அமெரிக்க அணியைப் பற்றி எங்கள் சனம் சொல்லித் திரிந்ததெல்லாம் பொய். யாராவது உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.

என் மகள் கால்பந்துக் கோல்கீப்பர். ஏழு வயதிலிருந்து பக்குரங்கா மைதானத்துச் சேற்றில் விழுந்து எழும்பியவள். இருபது வயதில், இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், உள்ளூர்க் கிளப்பின் பெண்கள் முதல் அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அதே வருடம் அமெரிக்காவில் ஒரு பெண்கள் அணி, எங்களுக்குக் குளிர்காலமான தங்கள் கோடையில் இரண்டு மாதம் வந்து விளையாடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். லீக் வரிசையில் அந்த அணிக்கு மேலே இன்னும் இரண்டு படி இருந்தது. சம்பளம் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஆட்டம், யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டில் படுக்கை. அணியின் சொந்தக்காரர் மெத்தைக் கடை வைத்திருந்தவர். சின்னம் மட்டும் பல்லைக் காட்டும் ஓநாய். மகளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஆசைப்பட்டாள். கிளப்பில் சொல்லி, கிடைத்த இடத்தையும் விட்டாள்.

என் அண்ணாவுக்குத்தான் ஒன்றும் தெரியாது. அவர் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். "அமெரிக்கா" என்ற சொல் காதில் விழுந்தது, அது போதும். அடுத்த ஞாயிறே மண்டபம், மாலை, பொன்னாடை. பதாகையில் மகளின் முகத்தை விட அவர் முகம் பெரிது. பதின்மூன்று வருடத்தில் ஒரு ஆட்டம் பார்க்க வராத மனிதர் மைக்கைப் பிடித்து, "எங்கட பிள்ளை அடிக்கப் போற கோலை அமெரிக்கா எண்ணி முடிக்காது" என்றார். கோல்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பத்து நாளில் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. இந்தப் பருவத்திலிருந்து அணி இயங்காது, புரிந்துகொண்டதற்கு நன்றி. நாங்கள் எதையும் புரிந்துகொள்ளவில்லை. இணையத்தளத்தைத் திறந்து பார்த்தால் ஓநாயையும் காணோம்.

மகள் ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை. பிறகு கிளப் பயிற்சியாளருக்கு எழுதினாள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு வா, அன்றுதான் அணி முடிவாகிறது, வராவிட்டால் இந்த வருடம் இடமில்லை என்று பதில் வந்தது.

திங்கள் பின்னேரம் அண்ணா வந்தார். வந்ததும் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, இவள் இரண்டு மாதத்துக்கு வெளியில தலை காட்டக் கூடாது."

"ஏனண்ணா?"

"ஏனோ? வழியனுப்பியாச்செல்லே! இருநூறு பேர் சாப்பிட்டுப் போனவங்கள். நாளைக்கு இவள் பிளாசாவில பால் வாங்கிக்கொண்டு நிண்டா என்ன கதைப்பாங்கள்? கிளென்ஃபீல்டில எங்கட வீட்டுக் கீழறை சும்மாதான் கிடக்கு. மாமி சோறு தருவா. ஆவணியில, அமெரிக்காவால வந்திட்டாளெண்டு சொல்லுவம். வரவேற்பும் ஒண்டு வைக்கலாம்."

மகள் படியில் நின்றாள். "நோ வே, மாமா. நாளைக்கு ட்ரெய்னிங்."

"ட்ரெய்னிங்கைப் பிறகு பார்க்கலாம்."

"பிறகு இல்லை. நாளைக்குப் போகாட்டி அவுட்."

"உனக்கென்னடி, மானம் போறது எனக்கெல்லே!"

அந்த மானத்துக்காக ஒரு பிள்ளை நிலவறையில் இருந்து அமெரிக்காவில் விளையாட வேண்டும். அண்ணாவை எதிர்த்து நான் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

"அவள் போவாள், அண்ணா. கேட்கிறவைக்கு, அணி செத்துப்போச்சு எண்டு சொல்லுங்கோ. வெட்கமெண்டா நீங்கள் போய்க் கீழறையில இருங்கோ."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணா எழும்பிச் செருப்பைத் தேடினார். "பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கெண்டு அப்பவே நினைச்சனான்" என்றார். மேடையில் அந்த நினைப்பு வரவில்லை போலும்.

அடுத்த நாள் பின்னேரம் நானே அவளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். கிளப்பில் அவளை இரண்டாம் அணியில் போட்டார்கள்.