வலது கை மறந்த வருஷம்

ஆடி மாதத்தில் ஒரு காலை, எழுந்து வேட்டியை இறுக்கப் போனேன். வலது கை வரவில்லை. தூக்கத்தில் உடம்புக்கடியில் மாட்டி மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து உதறினேன். அது அசையாமல் பாய்மேல் கிடந்தது. "ஐயோ!" என்று கத்தினேன், கத்தின குரலும் குழறியது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, பட்டு நெசவுதான் பிழைப்பு.

ரயிலேற்றி மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள் தெருக்காரர்கள். அதற்கு வழியில்லை. செவிலிமேட்டிலிருந்து வைத்தியர் வந்தார். கையைத் தூக்கினார், விட்டார். அது தொப்பென்று விழுந்தது.

"பாரிசவாயுப்பா. மண்டையிலேந்து கைக்கு வர்ற வழி தூந்து கெடக்குது. ஆள் நடந்தாத்தான் வழி. சும்மா போட்டு வெச்சிடாத, தெனம் வேலை வாங்கு" என்றார்.

தைலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்டைக்குள் வழியாவது வாய்க்காலாவது! ஒரு வார்த்தையும் நான் நம்பவில்லை.

மத்தியானம் மனைவி சோறு ஊட்ட வந்தாள். நான் முன்கோபக்காரன். "நான் என்னா பால்குடிக்கிற புள்ளயா?" என்று குழறிக்கொண்டே தட்டைத் தள்ளினேன். பசியோ காதை அடைத்தது. இடது கையைச் சோற்றில் வைக்கப் போனேன். வெடுக்கென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பீச்சாங்கையால சோத்தைத் தொட்டீங்கன்னா இந்த வூட்ல நான் உலை வெக்கமாட்டேன்."

"அப்போ பட்டினி கெடந்து சாவட்டுமா?"

"அந்தக் கை எங்கயும் ஓடிப்போவல. அதாலயே துன்னுங்க."

பாவி! வாய்விட்டே திட்டினேன். வேறு வழியில்லாமல் செத்த கையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். விரல் மடங்கவில்லை. தோளை ஆட்டிச் சோற்றைத் தள்ளினேன், மடியெல்லாம் சோறு. நாலு பருக்கை உள்ளே போக அரைநாழிகை ஆயிற்று. எல்லா வேளையும் இதே கூத்துதான். விடிந்ததும் தெருவில் எல்லா வீட்டுத் தறியும் சத்தம் போடும், என் வீட்டுத் தறி மட்டும் பேசாது. அரக்கு உடம்பும் பச்சைக் கரையுமாக ஒரு சேலை அதில் பாதியில் நின்றது. அதைப் பார்க்கவே பயந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன். இனி நெய்யாவிட்டால் நான் என்ன ஆள்?

நவராத்திரி வாக்கில் கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியது. பொங்கலுக்குள் ஐந்து விரலும் கூடிச் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுவந்துவிட்டன. தட்டின் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

நல்ல நாள் பார்த்துத் தறியில் உட்கார்ந்தேன். கரை இழை கோர்க்க எப்போதும்போல் மனைவி என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். கால்கள் தாமாகவே மிதித்தன. இடது கை, ஊடைநூல் வைத்த நாடாக் கட்டையைப் பாவு இழைகளுக்கு ஊடே வீசியது. மறுபக்கம் வலது கை அதைப் பிடிக்க வேண்டும். நாடா கீழே விழுந்தது. மறுபடி வீசினேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை கையையே பார்த்துக்கொண்டு வீசினேன். நாடா நெருங்கியதும் என் வலது கை ஐந்து விரலையும் குவித்தது. கவளம் எடுக்கக் குவிந்தது.

ஆறு மாதமாக வேளைக்கு வேளை எதைச் செய்ததோ அதைத்தான் அது கற்றிருந்தது. பத்து வயதிலிருந்து நெய்த நெசவு அதில் ஒரு துளிகூட இல்லை.

அவளும் பார்த்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

குனிந்து வலது கையாலேயே நாடாவைத் துழாவினேன். இரண்டு தடவை நழுவி, மூன்றாவதில் அகப்பட்டது.

"எனக்குந்தான்" என்றேன். "பயந்துக்கினே ஒக்காந்திரு. எழுந்து மட்டும் போயிடாத."