வக்கீல் வீட்டுப் படிக்கம்

வெள்ளைத்துரை பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். பர்மா எல்லைச் சேற்றில் வண்டியை உருட்டி உயிரோடு திரும்பியவனுக்கு, சண்டை முடிந்ததும் ஊரில் ஓட்ட ஒரு கட்டைவண்டிகூட இல்லை. பட்டணத்துக்கு வந்தான். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரச் சர்க்கார் திறந்திருந்த ஆபீசில் பெயரைப் பதிந்தான். அங்கே குமாஸ்தாவாக இருந்த இனாயத் நல்ல மனுஷர். மயிலாப்பூர் வக்கீல் சுவாமிநாதன் வீட்டில் கார் டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு அறை பார்த்ததும் கூட்டிக்கொள்வதாக மனைவி சுந்தரவல்லிக்கு அன்றே எழுதிப் போட்டான்.

கார் இருந்தது. பெட்ரோல்தான் இல்லை. ரேஷனில் கிடைப்பது எப்போதாவது கோர்ட்டுக்குப் போய்வரத்தான் காணும். மற்ற நாளெல்லாம் டிரைவரைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வக்கீலுக்கு மனசு வருமா? பக்கத்தில் நிறுத்தி, கையில் எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கத்தைக் கொடுத்துவிட்டார்.

சுவாமிநாதன் ஓயாமல் வெற்றிலை புகையிலை மெல்லுகிறவர். லேசாகத் தொண்டையைச் செருமுவார். அதற்குள் படிக்கம் வாயருகே போயிருக்க வேண்டும். குனிந்து துப்புவது அந்தப் பெரிய மனுஷருக்குக் கௌரவக் குறைச்சல். கொஞ்சம் தாமதித்தால் சளியும் சக்கையுமாக வெள்ளைத்துரையின் விரல்களில்தான் வழியும்.

"ஏண்டா, தூங்கறயா? சட்டுனு நீட்டப்படாதோ?"

வந்திருக்கும் கட்சிக்காரர்கள் பல்லை இளிப்பார்கள். வக்கீலைவிட அந்த இளிப்புதான் அவனுக்குக் குமட்டியது. செத்து உப்பிய கோவேறு கழுதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றவன் அவன். இங்கே சோற்றில் கை வைக்க முடியவில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் இனாயத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

"சோறு எறங்க மாட்டேங்குதுய்யா. மூட்டை தூக்குற வேலைன்னாலும் சரி, வேற பாத்துக் குடுங்க."

"வெளியே நிக்கிற கூட்டத்தைப் பாத்தியா நைனா? குடுத்த வேலையை வுட்டுட்டு வந்தா லிஸ்ட்லேர்ந்து பேரை அடிச்சிடுவாங்க. அப்பால நான் ஒண்ணியும் செய்ய முடியாது. பல்லைக் கடிச்சிக்கினு இரு."

ஊரில் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிற சுந்தரவல்லியை நினைத்தான். சரி, வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போய்த் தொலைவோம் என்று தலையாட்டினான். இனாயத் இன்னும் ஏதோ ஆறுதல் சொல்ல நினைத்துத் தொண்டையைச் செருமினார்.

வெள்ளைத்துரையின் இரண்டு கைகளும் ஏந்தியபடி அவர் வாய்க்கு நேரே போய் நின்றன.

இனாயத் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "சே! இன்னாப்பா இது?"

வெள்ளைத்துரை தன் கைகளையே பார்த்தான். யாரும் சொல்லாமலே நீண்ட கைகள். வக்கீல்மேல் இருந்த அருவருப்பெல்லாம் இப்போது தன்மேலேயே திரும்பிவிட்டது. இந்தக் கைகளோடா சுந்தரவல்லி முன்னால் போய் நிற்பது?

"எம் பேரை அடிச்சிருங்கய்யா" என்றான்.

வாசல் குழாயடியில் மண்ணைப் போட்டுத் தேய்தேயென்று கையைத் தேய்த்துக் கழுவினான். பிறகு, மூட்டை தூக்குகிற வேலை எங்கே கிடைக்கும் என்று வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்தான்.